உதடு ஒட்டாத சொல்

மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு நடந்து திருவிழா ஆரம்பித்த மறுநாளே மனோஜ்குமாரின் மருந்துக்கடைக்கு அந்த மாத்திரையைத் தேடி ஆள் வரத் தொடங்கிவிடும். சோமனூரைச் சுற்றி எல்லா ஊரிலும் அப்படித்தான். கோயில் வாசலில் கம்பம் நடுவார்கள். பெண்கள் தினமும் விடியற்காலையில் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கடைசியில் மாவிளக்கு. அதுவரை வீட்டில் எந்தப் பெண்ணும் விலக்காகிவிடக் கூடாது. அதற்காகத்தான் தள்ளிப்போடுகிற மாத்திரை. கல்யாணம், காதுகுத்து, பழனி நடைப்பயணம் எல்லாவற்றுக்கும் அதுதான். பேரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. "அது ஒரு அட்டை குடுங்க" என்றால் போதும்.

முன்பெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுவான். இப்போது கேள்வி கேட்கிறான். நடுவில் ரத்தம் படுகிறதா? புருசனோடு இருந்த பிறகு படுகிறதா? வெள்ளைப்படுதலில் நாற்றம் இருக்கிறதா? கடைசியாக எப்போது லேடி டாக்டரிடம் காட்டினீர்கள்? காய்ச்சலுக்கு விசாரிப்பதுபோல, முகத்தில் எதுவும் இல்லாமல் கேட்பான். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை.

"அந்தக் கடைக்கா போற? மாத்தர கேட்டா அவன் கேள்விதான் குடுப்பான்" என்று பஸ் ஸ்டாப்பில் பெண்கள் சிரித்துக்கொண்டது அவன் காதுக்கும் வந்தது. பாதிப் பேர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்துவிட்டான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் மனைவி நந்திதா இறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது.

நந்திதாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நாள் கணக்கில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டது. மாத்திரையின் சூடு என்றார்கள். அவள் பிறந்த வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். பி.ஃபார்ம் படித்த அவனும் அதையேதான் சொன்னான். அந்த மாத்திரை சில பேருக்கு அப்படிச் செய்யும். அதனால் சந்தேகம் வரவில்லை. அடுத்த விசேஷத்துக்கு மறுபடி போட்டாள். நின்றது. நின்றால் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். இடுப்பு வலித்து, கால் வீங்கிய பிறகுதான் கோவைக்குக் கூட்டிப்போனார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. அது பரவிச் சிறுநீர் வரும் வழியை அடைத்திருந்தது. ஒரு சின்னப் பரிசோதனையில் வருடக்கணக்குக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைசி நாட்களில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். இந்தப் பக்கம் அவனும் மாமியார் ராசாத்தாளும் நின்றார்கள். மாஸ்க்குக்குள் நந்திதாவின் உதடுகள் அசைந்தன. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராசாத்தாளுக்கு விளங்கும். தறிக்குடோனில் காலமெல்லாம் நின்றவர்கள் பேச்சைக் காதால் கேட்பதில்லை. பவர்லூம் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். நந்திதாவும் அந்தக் குடோனில் வளர்ந்தவள்தான்.

"என்ன சொல்றாளுங்க அத்தை?" என்று கேட்டான்.

ராசாத்தாள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "உங்களச் சாப்பிடச் சொல்றா மாப்ள" என்றாள்.

அவன் கேண்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டான். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதிலிருந்து அவன் வேளை தவறாமல் சாப்பிடுகிறான். பசி இருக்கிறதோ இல்லையோ, ருசி தெரிகிறதோ இல்லையோ, மணி ஒன்றானால் டிபன் கேரியரைத் திறந்துவிடுவான். இழவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட, "தெம்பாத்தான் இருக்கான், நல்லாச் சாப்பிடறான்" என்று பேசினார்கள். அவள் கடைசியாகச் சொன்னது அது. அவனிடம் அவளுடையதாக மிச்சமிருந்ததும் அதுதான்.

சாட்டுப் போட்ட நாலாம் நாள் லோகப்பிரியா கடைக்கு வந்தாள். நந்திதாவின் தங்கை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றாள்.

"அது ஒரு அட்டை குடுங்க மச்சான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். உடனே கேள்வித்தாள எடுத்துராதீங்க."

"சீட்டு?"

"சொந்தக்காரங்களுக்குமா?"

"சொந்தக்காரங்களுக்குத்தான் மொதல்ல."

அவள் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"எனக்கில்லீங்க. அம்மாவுக்கு."

"அத்தைக்கு எப்பவோ நின்னுருச்சேம்மா."

"நின்னு அஞ்சாறு வருசமாச்சுங்க. இப்ப ரெண்டு மூணு மாசமாத் திரும்பவும் படுது. எங்கிட்டக்கூடச் சொல்லல. துணி தொவைக்கறப்ப நானாப் பாத்தேன். எதிர்க்கடைல ஆள் விட்டு ஒரு அட்டை வாங்கிப் போட்டுட்டு இருக்காங்க. கொறஞ்சிருக்குதாம். இன்னொன்னு போட்டா சுத்தமா நின்னுருமாம். பக்கத்தூட்டு அக்கா வேற, 'இந்த வயசுல திரும்பி வருதுன்னா உடம்பு எளமையா இருக்குன்னு அர்த்தம் அம்மணி, நீ குடுத்து வெச்சவ'ங்குது."

மனோஜ்குமார் தன்னுள் ஏதாவது அசையும் என்று காத்திருந்தான். அசையவில்லை.

"டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு லோகு. உடனே."

"சொல்லாம இருப்பனா? சாட்டு முடியட்டும்ங்கறாங்க. போன வருசம் அக்கா போன தீட்டுன்னு கோயில் பக்கமே போகல. இந்த வருசம் மாவிளக்கு எடுத்தே ஆகணுமாம். அக்கா பேர்ல வேண்டுனது."

"அவதான் போயிட்டாளே."

"அக்கா ஆஸ்பத்திரில இருக்கறப்ப வேண்டுனதுங்க. நடக்கலீன்னாலும் வாய் விட்டது விட்டதுதானாம்." சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினாள். "மாத்தரைல நின்னுபோச்சுன்னா அப்புறம் எங்கீங்க காட்டப் போறாங்க? அக்கா போனாளா?"

அவன் மேசைமேலிருந்த பில் புத்தகத்தை மூடிவைத்தான்.

"நீங்க வந்து கேளுங்க மச்சான்."

"நானா? அத்தைகிட்டயா?"

"ஊருப் பொம்பளைங்களையெல்லாம் நிக்க வெச்சுக் கேக்கறீங்க. மாமியாகிட்டக் கேக்க மட்டும் வாய் வராதுங்களா?"

வராது. அது அவளுக்கும் தெரியும். ராசாத்தாள் மருமகன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவன் கூடத்தில் இருந்தால் அவள் சமையலறை நிலைக்குப் பின்னால் நிற்பாள். நேராகப் பேசியது ஆஸ்பத்திரியில் ஒன்றிரண்டு தடவைதான். தலைவலிக்கு மாத்திரை வேண்டுமென்றால்கூட மகள் வழியாகத்தான் கேட்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், ரத்தம் படுகிறதா என்று எப்படிக் கேட்பது?

அந்த வீட்டுக்கு அவன் போவதும் குறைந்திருந்தது. அக்கா போன இடத்துக்குத் தங்கச்சியைக் கொடுத்துவிடலாமே என்று சொந்தத்தில் யாரோ பேச்செடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவனும் லோகுவும் வெளியில் பார்த்தால் சட்டென்று விலகிப் போனார்கள். அதையும் மீறித்தான் இன்று வந்து நிற்கிறாள்.

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனான். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். சாப்பாட்டு நேரம், தறிகள் நின்றிருந்தன. மாமனார் நஞ்சுண்டன் வாசலில் நூல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"வாங்க மாப்ள. ஊட்டுப் பக்கமே காணமுங்களே. கடை விட்டா ஊடு, ஊடு விட்டா கடையா?"

"வேலைங்க மாமா."

கூடத்தில் உட்கார்ந்ததும் சமையலறை நிலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "லோகு, மாப்ளைக்குக் காப்பியா, மோரான்னு கேளு."

"ஏம்மா, அவரு உனக்குக் கை எட்டற தூரத்துலதான் உக்காந்திருக்காரு."

"கேளுடி."

"மோருங்க" என்றான் நிலையைப் பார்த்து.

"மோராம்மா" என்று லோகு அதையே திருப்பிச் சொன்னாள். நஞ்சுண்டன் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அவருக்கும் வேறு ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். இப்படி இடையில் நின்று கேலி செய்வது நந்திதாவின் வேலை.

"அத்தைக்கு உடம்பெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டான்.

"அவளுக்கென்ன. இடுப்பு வலிங்கறா, அதனால கம்பத்துக்குத் தண்ணி ஊத்த லோகுதான் போறா. மாவிளக்குக்குள்ள சரியாப் போயிருமுங்க."

அவருக்குத் தெரியாது. நிலைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அவன் மோரைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். மாமனார் நூல் விலை பற்றிப் பேசினார். தலையாட்டினான். கேட்காமலே எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தான். சாட்டு முடியட்டும், இன்னும் பத்து நாள்தானே. அப்படி நினைத்ததும் நந்திதாவின் வீங்கிய கால் கண்முன் வந்தது.

பின்னால் தறிகள் ஓடத் தொடங்கின. வீட்டுச் சுவர் அதிர்ந்தது. ராசாத்தாள் பின்வாசல் வழியாகக் குடோனுக்குப் போவது தெரிந்தது. அவன் எழுந்து பின்னாலேயே போனான். நஞ்சுண்டன் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை.

குடோனுக்குள் பஞ்சுத் தூசி மிதந்தது. இரைச்சல் காதில் கேட்கவில்லை, காலில் ஏறியது. ராசாத்தாள் இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். மருமகன் உள்ளே வந்து எதிரில் நிற்பதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லை. இரண்டு பக்கமும் தறி.

"அத்தை" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இங்கே குரல் தேவையில்லை. கல்யாணமான புதிதில் நந்திதா கடைக்கு எதிரே ரோட்டோரம் நின்று உதட்டை மட்டும் அசைத்து ஏதேதோ சொல்லுவாள். அவன் விழிப்பான். அவள் சிரிப்பாள். படிக்க அவன் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் சத்தமில்லாமல் வாயசைக்க யாரால்தான் முடியாது?

குரலை முழுக்க விட்டுவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தான்.

"உங்களுக்கு ரத்தம் படுதுங்களா அத்தை?"

ராசாத்தாளின் கை இழையிலேயே நின்றது. அவள் அவன் வாயைப் பார்த்தாள். முகம் கறுத்தது. குடோனின் மறுகோடியில் வேலைக்காரப் பெண் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வேறு யாருமில்லை. யார் காதிலும் விழாத கேள்வி அது. ஒருவேளை அதனால்தான் அவளால் நிற்க முடிந்தது.

அவள் உதடு அசைந்தது. அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினான். அவள் மறுபடி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"படுது."

"இந்த வயசுல படக் கூடாதுங்க. ஒரு சொட்டுப் பட்டாலும் காட்டணும்."

"சாட்டு முடியட்டும்." இதையும் அதேபோல மெதுவாகத்தான் சொன்னாள்.

"மாத்திரைல நின்னுரும். நின்னா நீங்க வரமாட்டீங்க."

அவள் திரும்பிக்கொண்டாள். தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவைப் பார்த்தபடி நின்றாள். திரும்பிக்கொண்டால் இங்கே பேச்சு முடிந்துவிடும், கூப்பிடவும் முடியாது. அவன் தறியைச் சுற்றிப் போய் மறுபடி அவள் முகத்துக்கு எதிரில் நின்றான். மருமகன் மாமியாரிடம் செய்கிற காரியமில்லை அது.

"நந்திதாவுக்கும் மாத்திரைலதான் நின்னுச்சு" என்றான் உதட்டால். "நானும் நின்னுருச்சுன்னுதான் நெனச்சேன்."

ராசாத்தாள் கண்ணை மூடவில்லை. மூடினால் அவனுக்குப் பேச வழியிருக்காது.

"இன்னொருக்கா அந்தக் கண்ணாடி முன்னாடி வந்து நிக்க என்னால ஆகாதுங்க அத்தை."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சத்தமாகச் சொல்லவில்லை. கன்னம் நனைகிறதா என்று தொட்டுப் பார்த்தான். நனையவில்லை.

பக்கத்துத் தறியில் பாவு இழை அறுந்து தொங்கியது. அவள் கவனிக்கவில்லை. அவள் தறியில் இழை அறுந்து அவள் பார்க்காமல் இருந்ததாக அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமிருக்காது. பிறகு இடுப்புச் செருகலிலிருந்து ஒரு பாதி அட்டை மாத்திரையை எடுத்தாள். கையில் கொடுக்கவில்லை. தறியின் கட்டைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அவன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாவிளக்கை லோகு எடுத்தாள். காப்புக் கட்டிய ஊரை விட்டு வெளியில் ராத்தங்கக் கூடாது என்பதால், ராசாத்தாளைக் காலையில் கூட்டிப்போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிடுவதென்று ஏற்பாடு. நஞ்சுண்டனிடம் லோகுதான் சொன்னாள். அவர் எதுவும் கேட்காமல் காரை வரச் சொன்னார்.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார்கள். மஞ்சள் நீராட்டு முடிந்து கம்பத்தைப் பிடுங்கிய அன்று ரிப்போர்ட் வந்தது. புற்றுதான்.

"பொண்ணுக்கு வந்தது கர்ப்பப்பை வாயில. இவங்களுக்கு உள்சுவர்ல. ரெண்டும் வேற வேற" என்றார் டாக்டர். "வெளியில பரவின மாதிரி தெரியல. எடுத்தர்லாம். நின்ன பிறகு மறுபடி படுதுன்னா நூத்துக்கு நூறு இதுதான்னு இல்ல. ஆனா பாக்காம விடக் கூடாது. மாத்திரை போட்டு அடக்கிட்டு இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

லோகுவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான தடுப்பூசியை அன்றே போடச் சொன்னான் மனோஜ்குமார். ஊசி போட்டாலும், உரிய வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார் டாக்டர். லோகு தலையாட்டினாள். ராசாத்தாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காரில் திரும்புகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அதுவும் லோகுவிடம்: "அந்தப் பிள்ளைக்கும் ஆரம்பத்துலயே இப்படி சதை எடுத்துப் பாத்திருப்பாங்களாடி?"

லோகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த மனோஜ்குமாரும் திரும்பவில்லை.

ஆபரேஷன் நந்திதா இருந்த அதே பெரிய ஆஸ்பத்திரியில். வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று லோகு கேட்டாள். வேண்டாம் என்றாள் ராசாத்தாள். மாடி வேறு, தாழ்வாரம் அதே மாதிரி. ஆபரேஷன் முடிந்து, நினைத்ததுபோலவே எடுத்துவிட்டோம், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நஞ்சுண்டன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மயக்கம் தெளிகிற வரை அவளைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே விடவில்லை.

மணி ஒன்றானது. லோகு சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். "உங்க நேரம் ஆச்சுங்க மச்சான். சாப்பிடுங்க."

வாங்கிக்கொண்டான். பிரிக்கப் போனவன், ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கண்ணாடி அருகே போனான்.

ராசாத்தாள் கண் திறந்திருந்தாள். முகத்தில் மாஸ்க். கண்கள் அலைந்து அவன்மேல் வந்து நின்றன. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது.

கீழுதடு மேல்பல்லைத் தொட்டது. வாய் திறந்தது. கடைசியில் உதடுகள் குவிந்து முன்னால் வந்தன. மறுபடி அதேபோல. பல்லைத் தொட்டு, திறந்து, குவிந்து. உதடுகள் ஒருதடவைகூட ஒட்டவில்லை.

அவன் அதைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தான்.

வலிக்குது.

தப்பே இல்லை, அதுதான். புரிந்துவிட்டது. புரிந்த மறுகணம் இன்னொன்றும் புரிந்தது. இந்த அசைவை அவன் முன்பே பார்த்திருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி மாஸ்க்குக்குள், சின்ன வெளுத்த உதடுகளில். கீழுதடு பல்லைத் தொட்டு, திறந்து, குவிந்து. திரும்பத் திரும்ப.

சாப்பிடுங்க என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தான். நடுவில் உதடு ஒட்டியது. ஒட்டாமல் அந்தச் சொல்லைச் சொல்லவே முடியாது. நந்திதாவின் உதடுகள் ஒட்டவில்லை. அவள் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை. அவளுக்கு வலித்திருக்கிறது. பெற்றவள் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற மருமகனுக்குச் சொல்ல மனம் வராமல் வேறு ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் போய் இட்லி தின்றிருக்கிறான்.

உள்ளே ராசாத்தாள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னதை இவன் படித்துவிட்டான் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக நீர் இறங்கியது.

பொட்டலத்தை நாற்காலியில் வைத்தான். தாழ்வாரத்தின் கோடியில் நர்ஸ்களின் மேசை இருந்தது. நடந்து போனான். வாயைத் திறந்தான். குரல் வருமா என்று அவனுக்கே நிச்சயமில்லை. வந்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்தது.

"ஏனுங்க சிஸ்டர். உள்ள இருக்கறவங்களுக்கு வலிக்குதுங்க. சீக்கிரமா வந்து பாருங்க."